சிஎன்சி லேத்தில் ஜாப் ஏற்றும் ரோபோவுக்கு கிரிப்பர் வடிவமைப்பது: முழுமையான வழிகாட்டி

கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சிஎன்சி லேத்துக்கு (கணினி ஓட்டும் கடைசல் எந்திரம்) ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, ஏற்றி இறக்க ரோபோ வைப்பது இப்போது பெரிய கம்பெனிகளோடு நின்றுவிடவில்லை. ரோபோ ரெடிமேடாகக் கிடைக்கும் பொருள். எத்தனை கிலோ, எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்று சொன்னால் வந்து இறங்கிவிடும். அதன் மணிக்கட்டில் மாட்டும் கை அப்படி வருவதில்லை. விரல்களைத் திறந்து மூடும், காற்றில் இயங்கும் கிரிப்பர் உடலைக் கேட்டலாக் பார்த்து வாங்கலாம். விரல்கள், பிராக்கெட், அடாப்டர் தட்டு, ஜாப்பைச் சக்கில் (லேத்தில் ஜாப்பைக் கவ்விச் சுழலும் பிடி) அமர்த்தும் அழுத்தத் தட்டு எல்லாம் அந்த ஒரு ஜாப்புக்காகவே வரைந்து செய்ய வேண்டியவை. புது செல் (ரோபோவும் லேத்தும் சேர்ந்த தொகுதி) அடிக்கடி நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கையைத்தான்.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் போவோம். ஃபோர்ஜிங்காக (சூடாக்கி டையில் அடித்து உருவாக்கியது) வரும் எஃகு கியர் பிளாங்க், அதாவது இன்னும் பல் வெட்டாத கியர். வெளி விட்டம் 110 மி.மீ., நடுத்துளை 40 மி.மீ., அகலம் 45 மி.மீ. எஃகின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் 2.9 கிலோ வரும். 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் செட்டிங் (ஒருமுறை சக்கில் பிடித்துச் செய்யும் வேலை) முடிந்து வெளியே வரும்போது சுமார் 2.5 கிலோ. படுக்கை ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) லேத், மூன்று ஜா (கவ்வும் தாடை) உள்ள ஹைட்ராலிக் சக்.

வேலை முழுவதும் ஒரு விஷயத்தை மனதில் வைத்திருங்கள். கிரிப்பர் சாதாரண நேரத்தில் பிடிக்குமா என்பது கேள்வியே இல்லை. எல்லாக் கிரிப்பரும் பிடிக்கும். ஜாப்பில் கூலன்ட் (வெட்டும்போது குளிர்விக்கும் திரவம்) வழிகிறது, ஏர் பிரஷர் இறங்கியிருக்கிறது, ரோபோ முழு வேகத்தில் போகும்போது யாரோ எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துகிறார். இந்த மூன்றும் ஒரே நொடியில் சேரும்போது பிடிக்க வேண்டும். கணக்கு அந்த நொடிக்குத்தான்.

1. ஜாப்பைக் கையில் எடுங்கள்

டிராயிங்கை மட்டும் பார்த்து விரல் வரையாதீர்கள். வெவ்வேறு லாட்டிலிருந்து ஃபோர்ஜிங்குகளை எடுத்து வந்து மேசையில் வைத்து அளவு எடுங்கள். வெளி விட்டம் எங்கே எவ்வளவு மாறுகிறது, இரண்டு டை சேரும் கோட்டில் பிசிறு எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலே ஸ்கேல் (சூட்டில் படிந்த ஆக்சைடு ஓடு) இருக்கிறதா, துருத் தடுப்பு எண்ணெய் பூசி வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விரல் அந்தப் பிசிறின் மேல் அமர்ந்தால் ஜாப் சாய்ந்து நிற்கும், சாய்ந்த ஜாப் சக்குக்குள் நேராகப் போகாது.

பிறகு குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரையுங்கள். 45 மி.மீ. அகலத்தில் சக் ஜா பின்பக்கம் 18 மி.மீ. பிடிக்கிறது. கிரிப்பர் விரல் முன்பக்கம் 18 மி.மீ. பிடிக்கலாம். நடுவே 9 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இது வசதியான ஜாப். அகலம் 25 மி.மீ.தான் என்றால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். அப்போது விரல்கள் சக் ஜாக்களுக்கு இடையில் நுழைய வேண்டியிருக்கும். அதற்கு ஸ்பிண்டில் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். லேத்தில் அதற்கான எம்19 கட்டளை வசதி இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைந்து முடித்த பின் ஜாப்பின் நிலை வேறு. பளபளப்பான மேற்பரப்பு, கோடு விழக் கூடாது, கூலன்டில் நனைந்திருக்கும், நடுத்துளையில் இரும்புச் சுருள் மாட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒரே ஜாப் என்றாலும் பிடிக்க வேண்டிய பொருள்கள் இரண்டு.

2. எதால் பிடிப்பது

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். வேக்குவம் கப் தட்டையான ஷீட்டுக்கும் அட்டைப் பெட்டிக்கும் சரி. கூலன்ட் சொட்டும் ஃபோர்ஜிங்குக்கு ஆகாது. காந்தம் எஃகைப் பிடிக்கும், சுருளையும் சேர்த்துப் பிடிக்கும். ஜாப்புக்கும் சக்குக்கும் நடுவே ஒரு சுருள் சிக்கினால் முகம் கோணிவிடும்.

மிஞ்சுவது விரல் கிரிப்பர். 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு நின்ற முதல் யூனிமேட் ரோபோவும் டை காஸ்டிங் எந்திரத்திலிருந்து சூடான வார்ப்புகளைப் பிடித்து எடுத்ததுதான். அன்று தொடங்கிய வேலை இன்றும் அதேதான். வட்ட ஜாப்புக்கு மூன்று விரல் கிரிப்பர் தானாகவே நடுவுக்குக் கொண்டுவரும் என்பது நல்ல குணம். ஆனால் அகலமாக இடம் கேட்கும். இரண்டு விரலில் வி வெட்டு வைத்தால் நான்கு கோடுகளில் ஜாப்பைத் தொடும், நடுவுக்கும் வரும், லேத்துக்குள் நுழையவும் இடம் இருக்கும். நம் பிளாங்குக்கு 120 டிகிரி வி வெட்டுள்ள இரண்டு இணை விரல்கள்.

3. பிடிப்பு விசை

தட்டையான இரண்டு விரல்களுக்கு ஒரு விரலின் விசை இப்படி வரும்: நிறையை, புவியீர்ப்பு முடுக்கமும் ரோபோவின் முடுக்கமும் சேர்ந்த தொகையால் பெருக்குங்கள், பாதுகாப்புக் காரணியால் பெருக்குங்கள், உராய்வுக் குணகத்தின் இரு மடங்கால் வகுங்கள். வி வெட்டு என்றால் வி கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் மேலும் பெருக்க வேண்டும். 120 டிகிரி வி வெட்டுக்கு அது 0.866.

நம் எண்கள்: நிறை 3 கிலோ. புவியீர்ப்பு 9.81, ரோபோவின் முடுக்கம் 10 என்று எடுத்தால் கூட்டிச் சுமார் 20. காரணி 2. உராய்வு உலர்ந்த எஃகில் 0.15 அல்லது அதற்கு மேலும் வரும், ஆனால் கூலன்ட் பட்டால் 0.1 என்றே எடுங்கள். 3 × 20 × 2 × 0.866 ÷ 0.2 = சுமார் 520 நியூட்டன், ஒரு விரலுக்கு.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. கிரிப்பர் கேட்டலாக்கில் வரும் விசை பெரும்பாலும் 6 பார் காற்றழுத்தத்துக்கானது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஏர் பிளோ அடிக்கும் பட்டறையில் லைன் கடைசியில் 4.5 பார்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை அதே விகிதத்தில் முக்கால் பங்காகக் குறையும். 520ஐ 0.75ஆல் வகுத்தால் 693. ஆக 6 பாரில் விரலுக்கு 700 நியூட்டன் தரும் கிரிப்பர் வேண்டும்.

கேட்டலாக்கைப் புரட்டும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். கிரிப்பர் செய்யும் கம்பெனிகளில் எஸ்எம்சி தன் அட்டவணையில் ஒரு விரலின் விசையைத் தருகிறது. ஷுங்க் எல்லா விரல்களின் விசையையும் கூட்டித் தருகிறது. நம் தேவை முதலாவதில் 700, இரண்டாவதில் 1,400. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் பாதி பலமுள்ள கிரிப்பரை வாங்கிவிடுவீர்கள். உலர்ந்த ஜாப்பில் டிரயல் ஓட்டும்போது அது தெரியவே தெரியாது.

அட்டவணையில் உள்ள விசை விரலின் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டுமே பொருந்தும். விரல் நீள நீள விசை குறையும், கிரிப்பரின் வழித்தடத்தில் விழும் திருப்புவிசை கூடும். ஒவ்வொரு மாடலுக்கும் நீளம், விசை வரைபடம் இருக்கும். உங்கள் விரல் நீளத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே மாடலை முடிவு செய்யுங்கள்.

எஸ்எம்சியின் பொது அறிவுரை, ஜாப் எடையைப்போல் 10 முதல் 20 மடங்கு விசை வேண்டும் என்பது. 3 கிலோ என்றால் சுமார் 300 முதல் 600 நியூட்டன். நம் 520 அதற்குள் விழுகிறது. கணக்கு தடம் மாறவில்லை என்று சரிபார்க்க நல்ல வழி. எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு: மெல்லிய சுவருள்ள புஷ், வளையம் என்றால் அதிக விசை ஜாப்பை முட்டை வடிவமாக்கும். நம் பிளாங்கின் சுவர் 35 மி.மீ., அந்தக் கவலை இல்லை.

4. விரல்களை வரைவது

ரா ஜாப்பை (இன்னும் கடையாதது) பிடிக்கும் விரலும் முடிந்த ஜாப்பைப் பிடிக்கும் விரலும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ரா பக்கம் ஸ்கேலும் பிசிறும் தேய்த்துக்கொண்டே இருக்கும். இஎன்24 அலாய் எஃகு எடுத்து ஹார்டன் செய்யுங்கள், தொடும் இடத்தில் பல் வெட்டிய இன்சர்ட் (விரலில் பொருத்தும் தனித் துண்டு) வைத்தால் பிடிப்பு கூடும். முடிந்த பக்கம் அலுமினிய விரலில் நைலான் அல்லது டெல்ரின் இன்சர்ட். பிளாஸ்டிக் மென்மையானது, அதில் சுருள் துணுக்கு பதிந்து ஜாப்பில் கோடு போடும். எனவே தொடும் பரப்பில் சிறு பள்ளங்கள் வெட்டி, துணுக்கு கழுவிப் போக வழி விடுங்கள்.

இன்சர்ட்டைத் தனியாகக் கழற்றும்படி வைப்பதை நான் எப்போதும் வற்புறுத்துவேன். இரண்டு எம்5 போல்ட், ஒரு டவல் பின் (இடம் மாறாமல் நிறுத்தும் ஊசி). தேய்ந்தால் ஷிப்ட் நடுவிலேயே மாற்றலாம், ரோபோ பாயின்ட்டை (ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்த நிலை) தொட வேண்டியதில்லை. விரல் முழுவதையும் மாற்ற நேர்ந்தாலும் நிலை மாறக் கூடாது என்பதால் கிரிப்பர் உடலோடு சேரும் இடத்தில் ஒரு உருளை டவல், ஒரு பக்கம் சீவிய டவல் என்று வையுங்கள். இரண்டும் முழு உருளை என்றால் துளை தூரத்தில் வரும் சிறு பிழைக்கே மாட்டிக்கொள்ளும்.

விரல் திறக்கும் தூரத்தைக் கவனியுங்கள். ஃபோர்ஜிங் விட்டம் இரண்டு மி.மீ. கூடக் குறைய வரலாம், கன்வேயரில் ஜாப் நிற்கும் இடமும் சற்று மாறும். ஒரு விரலுக்குக் குறைந்தது 4, 5 மி.மீ. இடைவெளி திறந்த நிலையில் வேண்டும். விரல் நுனியில் சாய்வு வெட்டுங்கள். ஜாப் சற்று விலகியிருந்தாலும் மோதாமல் உள்ளே வழுக்கும்.

முழு உலோகத்தில் வெட்டும் முன் 3டி பிரின்டில் ஒரு ஜோடி விரல் அடித்து, கிரிப்பரில் மாட்டி, கையால் லேத்துக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். டரட்டில் (வெட்டுளிகள் மாட்டிய தலை) நீட்டி நிற்கும் போரிங் பார், கதவு விளிம்பு, கூலன்ட் குழாய் எல்லாம் மெஷினுக்குள் நிஜமாக இருக்கும், சிஏடி படத்தில் இருக்காது.

5. சக்கில் அமர்த்துவது

புதிதாகச் செய்பவர்கள் விட்டுவிடும் பகுதி இது. ஜாப்பைச் சக்கின் நடுவில் நீட்டினால் போதாது. பின்னால் உள்ள ஸ்டாப்பரில் முகம் ஒட்டி அமர வேண்டும். ரோபோ பாயின்ட்டைக் கச்சிதமாகக் கற்றுக்கொடுத்தாலும் ஃபோர்ஜிங் அகலம் ஜாப்புக்கு ஜாப் மாறும். பாயின்ட்டை அதிகமாக உள்ளே தள்ளினால் ரோபோவும் ஸ்பிண்டிலும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும், குறைவாகத் தள்ளினால் ஜாப்புக்கும் ஸ்டாப்பருக்கும் இடைவெளி நிற்கும்.

தீர்வு, விரல்களுக்கு நடுவே ஸ்பிரிங்கில் மிதக்கும் அழுத்தத் தட்டு. மூன்று வழிகாட்டிப் பின்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 20 நியூட்டன் ஸ்பிரிங், 5 மி.மீ. நகர்வு. ரோபோ ஜாப்பைத் திறந்த சக்குக்குள் கொண்டுபோய், தட்டு 3 மி.மீ. அமுங்கும் நிலையில் நிற்கும். விரல் திறந்ததும் ஸ்பிரிங் ஜாப்பைத் தள்ளி ஸ்டாப்பரோடு சேர்க்கும், அந்த அழுத்தத்திலேயே சக் மூடும். ஜாப் சற்றுக் கீழே இறங்கியிருந்தாலும் சக் அதை மையத்துக்குத் தூக்கிவிடும். சக்கின் திறப்பைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், ஜாப் கீழே இறங்கும் தூரம் அதுதான்.

அழுத்தத் தட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நாம் முன்பக்க 18 மி.மீ.ஐ மட்டும் பிடிப்பதால் ஜாப்பின் எடை மையம் விரலின் நடுவிலிருந்து 13.5 மி.மீ. தள்ளி விழுகிறது. வேகமாகத் திரும்பும்போது ஜாப் தலையாட்டப் பார்க்கும். முன்முகத்தில் தட்டு தாங்கி நிற்கும். ஸ்டாப்பரில் ஏர் கேப் சென்சார் வைத்த சக் கிடைத்தால் வாங்குங்கள். ஜாப் அமர்ந்தது என்று லேத்தே சொல்லிவிடும்.

6. இரட்டைக் கை, அதன் எடை

ஒற்றைக் கிரிப்பர் என்றால் முடிந்த ஜாப்பை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, ரா ஜாப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். அத்தனை நேரமும் ஸ்பிண்டில் சும்மா நிற்கும். 90 டிகிரி பிராக்கெட்டில் இரண்டு கிரிப்பர் வைத்தால் ஒரே நுழைவில் ஒன்றால் முடிந்ததை எடுத்து, மணிக்கட்டைத் திருப்பி, மற்றதால் ராவை ஏற்றிவிடலாம். சைக்கிள் டைம் சிறிதாக உள்ள ஜாப்புக்கு இந்த வித்தியாசம் பெரிது.

முடிந்த ஜாப்பை எடுத்து, ராவை இன்னும் ஏற்றாத அந்த நிமிடத்தில் ரோபோ கையில் இரண்டு ஜாப்பும் இருக்கும். பேலோடு (ரோபோ தூக்கும் எடை) கணக்கு அதற்கே.

கூட்டிப் பார்ப்போம். 100 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன் அலுமினிய அடாப்டர் 0.25 கிலோ. பிராக்கெட் 0.9. கிரிப்பர் இரண்டு, தலா 1.1 என்றால் 2.2. விரல்கள் நான்கு, தலா 0.35 என்றால் 1.4. அழுத்தத் தட்டுகள் 0.6. வால்வு, ஹோஸ், சென்சார் 0.5. ஜாப் 3 + 2.5 = 5.5. மொத்தம் 11.35 கிலோ.

12 கிலோ ரோபோ போதும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பேலோடு எண் தனியாக எதையும் சொல்லாது. எடை மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எடை மையம் ஃபிளாஞ்சிலிருந்து (கை மாட்டும் மணிக்கட்டுத் தட்டு) 150 மி.மீ., ஃபிளாஞ்ச் ஐந்தாம் அச்சிலிருந்து (மணிக்கட்டு மடங்கும் மூட்டு) 80 மி.மீ. என்றால் 11.35 × 9.81 × 0.23 = 25.6 நியூட்டன் மீட்டர். அந்த ரோபோவின் ஐந்தாம் அச்சு எல்லை 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மிச்சமே இல்லை. ஆறாம் அச்சுக்கும் (மணிக்கட்டு சுழலும் மூட்டு) இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள். இரட்டைக் கையில் ஒரு பக்கம் மட்டும் ஜாப் இருக்கும்போது எடை மையம் பக்கவாட்டில் நகரும், இரண்டும் இருக்கும் நிலையைவிட இது மோசமாகவும் இருக்கலாம். நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) வேறு: ஜாப்கள் அச்சிலிருந்து 130 மி.மீ., கிரிப்பர் தொகுதிகள் 80 மி.மீ. தள்ளி இருந்தால் சுமார் 0.12 கிலோ சதுரமீட்டர் வரும். அதையும் கேட்டலாக்கோடு ஒப்பிடுங்கள்.

எந்த எண்ணும் எல்லையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கோடு. நாளைக்கு ஏர் நாசில் ஒன்று சேர்ப்பார்கள், கவர் ஒன்று போடுவார்கள். நம் உதாரணத்தில் விரலுக்குள் பாக்கெட் வெட்டி எடை குறைக்கலாம், பிராக்கெட்டைக் குட்டையாக்கி எடை மையத்தை உள்ளே இழுக்கலாம். அப்படியும் நான் 20 கிலோ வகுப்பு ரோபோவைத்தான் சொல்வேன். எடையை வெட்டுவதைவிட நீளத்தை வெட்டுவது அதிகம் பலன் தரும்.

7. ஃபிளாஞ்சில் மாட்டுவது

ரோபோ ஃபிளாஞ்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 9409-1 என்ற தரநிலை உண்டு. 50-4-எம்6 என்று எழுதியிருந்தால் 50 மி.மீ. பி.சி.டி.யில் (துளை மையங்கள் விழும் வட்டத்தின் விட்டம்) நான்கு எம்6 துளை. நடுவில் மையப்படுத்தும் வட்டமும் ஒரு டவல் துளையும் இருக்கும். போல்ட் இறுக்கத்தை மட்டும் நம்பாமல் இந்த இரண்டையும் அடாப்டரில் பயன்படுத்துங்கள். ஒரு மோதலுக்குப் பிறகு கையைக் கழற்றி மாட்டினால் பழைய பாயின்ட்டிலேயே வந்து நிற்க அதுதான் வழி. போல்ட் நீளத்தை ரோபோ மேனுவலில் உள்ள துளை ஆழத்தோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் போல்ட் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியதுபோல் தெரியும், தட்டு இறுகியிருக்காது.

8. காற்று போனால், கரண்ட் போனால்

ஐ.எஸ்.ஓ. 10218-2 தரநிலை (2025இல் புதுப்பிக்கப்பட்டது) தெளிவாகக் கேட்பது இது: மின்சாரமோ காற்றோ நின்றதால் ஜாப் விழுந்து ஆபத்து நேரக் கூடாது. கை, கிரிப்பர் பாதுகாப்புக்கென்றே 2018இல் ஐ.எஸ்.ஓ./டி.ஆர். 20218-1 வந்தது, வரையும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நடைமுறையில் மூன்று அடுக்கு. கிரிப்பர், காற்று இல்லாவிட்டாலும் மூடிப் பிடிக்கும் ஸ்பிரிங் உள்ளதாக இருக்கட்டும். நடுத்துளையில் விரித்துப் பிடிப்பதானால் ஸ்பிரிங் திறக்கும் பக்கம் வேண்டும், ஆர்டரில் இது அடிக்கடி மாறிவிடும். வால்வு இரண்டு மின்காந்தச் சுருள் (டபுள் காயில்) உள்ள 5/2 வகையாக (ஐந்து வழி, இரண்டு நிலை) இருக்கட்டும். கரண்ட் போனாலும் கடைசி நிலையிலேயே நிற்கும். கிரிப்பர் வாயிலேயே பைலட் செக் வால்வு வையுங்கள். ஹோஸ் அறுந்தாலும் உள்ளே உள்ள காற்று வெளியேறாது. அப்படி அடைபட்ட காற்றை மெயின்டனன்ஸ் ஆள் விரல் நசுங்காமல் வெளியேற்ற ஒரு கையால் திறக்கும் வால்வும், அதன்மேல் எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம்.

9. சென்சாரும் ஹோஸும்

கிரிப்பருக்கு மூன்று நிலை உண்டு: திறந்தது, ஜாப்போடு மூடியது, ஜாப் இல்லாமல் முழுக்க மூடியது. திறந்தது, மூடியது என்று இரண்டு சென்சார் மட்டும் வைத்தால் வெறுங்கையோடு லேத்துக்குப் போய் வெறும் சக்கை மூடவைக்கும். மூன்றாவது நிலையைத் தனியாகப் பிரித்தறியும்படி அமைத்து, ஜாப் பிடித்த சிக்னல் பயணம் முழுவதும் தொடர்ந்து இருக்கிறதா என்று புரோகிராமில் கண்காணியுங்கள்.

ஹோஸும் வயரும் ஆறாம் அச்சோடு சுற்றும். அச்சை இரண்டு எல்லைக்கும் மெதுவாகத் திருப்பி, எங்கே இழுக்கிறது, எங்கே தொங்கி ஜாப்பில் உரசுகிறது என்று பார்த்துக் கட்டுங்கள். சென்சார் கேபிள் கூலன்ட் எண்ணெயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி இறுகி உடையும். முடிந்த பக்கக் கிரிப்பருக்கு அருகே ஏர் நாசில் ஒன்று வைத்தால் ராவை ஏற்றும் முன் சக் ஸ்டாப்பரில் உள்ள சுருளை ஊதிவிடலாம். என் பார்வையில் இது விருப்பப் பொருள் அல்ல, கையின் உறுப்பு.

10. ஓட்டிப் பார்ப்பது

மாட்டியதும் கன்ட்ரோலரில் எடை, எடை மையம், நிலைமம் ஆகியவற்றை நான்கு நிலைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்: வெறுங்கை, ரா மட்டும், இரண்டும், முடிந்தது மட்டும். புரோகிராம் ஒவ்வொரு கட்டத்திலும் உரிய பேலோடை அழைக்க வேண்டும். தவறான பேலோடில் ஓடும் ரோபோ காரணமில்லாமல் மோதல் அலாரம் அடிக்கும், அல்லது நிஜ மோதலில் அடிக்காது. கியர் பாக்ஸும் சீக்கிரம் தேயும்.

பிறகு மோசமான நிலைச் சோதனை. ரெகுலேட்டரை 4.5 பாருக்கு இறக்குங்கள். ஜாப்பைக் கூலன்டில் முக்கி எடுங்கள். அழுத்தத் தட்டு தள்ளாதபடி ஜாப்பை விரலில் பிடிக்கவைத்து, தராசுக் கொக்கியால் அச்சு வாக்கில் இழுங்கள். 3 கிலோ ஜாப்புக்கு முடுக்கத்தோடு தேவை 60 நியூட்டன், காரணியோடு 120. அதாவது தராசு சுமார் 12 கிலோ காட்டும்வரை ஜாப் நகரக் கூடாது. நகர்ந்தால் இன்சர்ட்டை மாற்றுங்கள் அல்லது பெரிய கிரிப்பருக்குப் போங்கள், பிரஷரை ஏற்றிச் சமாளிக்காதீர்கள்.

அடுத்து வேலிக்கு வெளியே எல்லோரும் நின்றுகொண்டு, இரண்டு ஜாப்போடு முழு வேகத்தில் ஓட்டி, நடுவழியில் எமர்ஜென்சி ஸ்டாப் அடியுங்கள். மார்க்கர் பேனாவால் ஜாப்பிலும் விரலிலும் சேர்த்து ஒரு கோடு முன்பே போட்டு வையுங்கள். நின்ற பிறகு கோடு விலகியிருந்தால் ஜாப் வழுக்கியிருக்கிறது. இதையே ஏர் லைனை மூடி ஒருமுறை, மெயின் சுவிட்சை அணைத்து ஒருமுறை செய்யுங்கள்.

இவை தேறியதும், இன்சர்ட் டிராயிங்கையும் ஒரு ஜோடி ஸ்பேர் விரலையும் செல் பக்கத்திலேயே பூட்டிய பெட்டியில் வையுங்கள். இன்சர்ட் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்ற அளவை மி.மீ.இல் எழுதி அதே பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். இரவு ஷிப்ட் ஆபரேட்டர் யாரையும் எழுப்பாமல் தானே மாற்றிக்கொள்ள வேண்டும்.